மேடை நாளில் நீர் அருந்துவதில்லை

மார்ச்சு 2, திங்கள்

பதின்மூன்று வாரம் நிறைந்தது.

காலை ஒன்பது மணி முதல் பதினொன்றரை வரை நலவாழ்வு நிலையத்தின் மரப்பலகையில் அமர்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு படம். கருவுற்ற பெண் ஒருத்தி கையில் ஆப்பிளை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இந்தக் கீரனூரில் இரண்டரை மணி நேரம் பலகையில் அமர்ந்த பின் அப்படிச் சிரித்த பெண்ணை நான் கண்டதில்லை. அந்தப் படத்தை வரைந்தவனை ஒருநாள் இந்தப் பலகையில் அமர்த்த வேண்டும்.

செவிலியர் பெயர் செயசீலி. ஐம்பதை நெருங்கியவர். பேனாவைக் கொண்டையில் செருகியிருந்தார்.

"பேரு?"

"முகிலரசி."

"நெஜப் பேரா, நோட்டீசுல போடுற பேரா?"

"இரண்டும் ஒன்றுதான்."

"வீட்டுக்காரர் பேரு?"

"பொழிலன்."

"ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்குனீங்களாக்கும்." சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "இது மொத புள்ளையா?"

"இல்லை."

"அது எங்க?"

"தங்கவில்லை. இரண்டாண்டுக்கு முன். பதினேழாம் வாரம்."

"எதனால?"

"வண்டிப் பயணம். வேகத்தடையில் ஓட்டுநர் ஏற்றி இறக்கினார்."

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "வேகத்தடையில எல்லாம் புள்ள விழாதும்மா. ஆசுபத்திரிச் சீட்டு இருந்தா அடுத்த தடவ எடுத்தாங்க."

அதைப் பற்றி இங்கே மேலும் எழுதப்போவதில்லை.

குருதி அழுத்தம் சரி. இரும்புச்சத்து சற்றுக் குறைவு. மாத்திரையை உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்க வேண்டும்; தேநீரோடு கூடாது. முருங்கைக்கீரை, முட்டை, கேழ்வரகு. நாளும் அரைமணி நடை. "தண்ணி பன்னெண்டு டம்ளர். ஒன்னுக்கு முட்டுனா ஒடனே போயிரணும், அடக்கப்படாது. கர்ப்பப்பை வளர வளர அமுக்கும். உள்ள கொஞ்சம் தங்கும். தங்குனா கிருமி."

"நான் நாற்பது நாள் பரப்புரைப் பயணம் போகிறேன்" என்றேன்.

"போங்க. பேசுறதும் தப்பில்ல, வண்டியில போறதும் தப்பில்ல. தண்ணியக் குடிச்சுட்டுப் போங்க."

நான் பேச்சாளராக இருக்கும் மொழி இயக்கமான பேரவையில் எவருக்கும் இப்போது சொல்லப்போவதில்லை. சென்றமுறை சொன்னேன். "உடம்பைப் பாத்துக்கங்க தங்கச்சி" என்று மாவட்டச் செயலாளர் செம்பியன் அண்ணன் கனிவோடு பேச்சாளர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார். குழந்தை போன பின்னும் அந்தக் கனிவு ஓராண்டு நீடித்தது. அந்த ஓராண்டில் என் இடத்தில் பேசியவனுக்கு ஒருமை பன்மை தெரியாது.

மார்ச்சு 5, வியாழன்

பயணம் தொடங்கிற்று. தாய்மொழி வழிக் கல்விக்காகப் பதினெட்டு ஊர். முடிவில் புதுக்கோட்டையில் மாநாடு. இன்று மணப்பாறை.

மகிழுந்தை ஓட்டுபவர் மீண்டும் சவரிமுத்து. என்னிடம் கேட்காமலே முடிவெடுத்திருக்கிறார்கள். அன்று அந்த வேகத்தடையில் ஏற்றி இறக்கியவர் இவர்தான். நான் முறையிட்ட பின் இவரைச் சுவரொட்டி ஒட்டும் வண்டிக்கு மாற்றினார்கள். மற்ற ஓட்டுநர் வேலை தேடி வெளிநாடு போய்விட்டாராம், அதனால் திரும்ப வந்துவிட்டார். இப்போது மாட்டுவண்டியைப் போல் ஓட்டுகிறார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் வண்டியை முழுக்க நிறுத்தி, என்னைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்து, பிறகே ஏற்றுகிறார்.

"விரைந்து போங்கள். நாலு மணிக்கு மேடையில் இருக்க வேண்டும்."

"இருக்கலாம்மா."

"இப்படிப் போனால் நாளை நாலு மணிக்குத்தான் இருப்போம்."

"அதுவும் மேடதானம்மா."

மேடை நாளில் காலை உணவுக்குப் பின் நான் நீர் அருந்துவதில்லை. பேரவையில் எந்தப் பெண் பேச்சாளரும் அருந்துவதில்லை. யாரும் சட்டமாக எழுதவில்லை. ஆனால் எல்லோரும் அறிவோம். திடலில் பெண்களுக்கென்று எதுவும் இல்லை. ஆண்கள் மேடைக்குப் பின்னே இருட்டில் நாலடி நடந்து திரும்புகிறார்கள். நாங்கள் பிற்பகல் நான்கிலிருந்து ஒன்பதரை வரை நாற்காலியை விட்டு எழாமல் அமர்ந்திருப்போம். தொண்டை வறண்டால் உதட்டை நனைத்துக்கொள்வேன். "முகிலரசி செதுக்கி வச்ச சிலையாட்டம் உக்காந்திருக்கும்" என்று செம்பியன் அண்ணன் மேடையிலேயே பாராட்டினார். கைதட்டினார்கள்.

ஐம்பத்திரண்டு மணித்துளி பேசினேன். குரல் ஓரிடத்திலும் உடையவில்லை.

மார்ச்சு 6, வெள்ளி

தலைவலி. வெயில்தான்.

மார்ச்சு 9, திங்கள்

பதினான்கு வாரம். பொழிலனோடு சண்டை.

நாள்தோறும் என் பையில் ஒரு லிட்டர் புட்டிகள் இரண்டு வைக்கிறார். இன்று திரும்பி வந்ததும் பையைத் திறந்து பார்த்தார்.

"அரசி, ரெண்டும் நெறஞ்சே வந்திருக்கு."

"அங்கே நீர் தருகிறார்கள்."

"குடிச்சியா?"

"நீங்கள் என் கணவரா, நீர்வாரிய அலுவலரா?"

அவர் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். அளவு பார்ப்பதே தொழில். புட்டிகளை எடுத்துப்போய்ச் செடிக்கு ஊற்றினார். ஊற்றிய விதமே என்னைக் கடிந்தது. ஒரு சொல்லும் பேசாமல் சினமூட்டும் கலை அவருக்கு நன்றாக வரும்.

"எனக்கு ஒன்னு சொல்லணும்" என்றார்.

"நாளை இலுப்பூர் உரைக்குக் குறிப்பெடுக்க வேண்டும்" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மார்ச்சு 12, வியாழன்

நலவாழ்வு நிலையம். வயிற்றில் ஒரு கருவியை வைத்துக் குழந்தையின் நெஞ்சத் துடிப்பைக் கேட்க வைத்தார் செயசீலி. குதிரை ஓடுவதுபோல் கேட்டது. பலகையில் அமர்ந்திருந்த பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். கைவெரல் மடக்கும். வாயத் தெறந்து மூடும். தண்ணிக்குடத்துத் தண்ணியக் குடிக்கும், ஒன்னுக்கும் போகும்."

"இப்போதேவா?"

"பின்ன? அதுக்கு யாருகிட்டக் கேக்கணும்?"

வழியெல்லாம் அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். விரல்நீளம் கொண்ட ஓர் உயிர் தனக்கு வேண்டியபோது செய்துகொள்ளும் ஒன்றை, முப்பத்து நான்கு அகவை முதிர்ந்த நான், மூன்று மாவட்டம் அறிந்த பேச்சாளர், செய்ய இயலாது. இதைவிட இழிவான நகைச்சுவை உண்டா.

சிறுநீர் ஆய்வில் கிருமி இருக்கிறதாம். வலியோ எரிச்சலோ இல்லை என்றேன். இந்த நேரத்தில் அறிகுறியில்லாமலும் வரும், விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும் என்று மருத்துவரிடம் காட்டி ஏழு நாளைக்கு மாத்திரை வாங்கித் தந்தார். பழைய சீட்டைக் கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன்.

மறக்கவில்லை. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டாண்டுக்கு முன் அந்த மருத்துவமனையை விட்டு வெளியேறும்போதே கேட்டேன்: என் குழந்தையின் இறப்பை என் மொழியில் எழுதித் தாருங்கள் என்று. வாங்கிக்கொண்டு போம்மா என்றார்கள். மடித்து அலமாரியில் வைத்தேன். எனக்குப் புரியக்கூடாது என்று எழுதப்பட்ட தாளை எழுத்துக்கூட்டிப் படிக்க மாட்டேன்.

மார்ச்சு 14, காரி (சனி)

மாத்திரை குமட்டுகிறது. வாந்தி வருவதுபோல் இருக்கையில் எப்படிப் பேசுவது. பயணம் முடியட்டும், பிறகு தொடரலாம்.

மார்ச்சு 17, செவ்வாய்

அன்னவாசல். முந்நூறு பேர், பெண்கள் பாதி. ஆறரை மணிக்கு என்னை அழைத்தார்கள். பத்து மணித்துளி ஆகியிருக்கும், வலப்பக்கம் அமர்ந்திருந்த பெண்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். முதலில் இருவர், பிறகு ஐவர். நான் குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கோ என் அடிவயிறு கல்லாகக் கனக்கிறது. நான் அசையாமல் நிற்கிறேன், இவர்கள் போகிறார்கள்.

ஒலிவாங்கியில் சொன்னேன்: "எங்கே போகிறீர்கள் தாய்மார்களே? தொலைக்காட்சித் தொடர் அழைக்கிறதா? உங்கள் பிள்ளையின் கல்விக்காக ஒருமணி நேரம் அமர முடியாத உங்களுக்கு உரிமை எதற்கு?"

ஆண்கள் பகுதியில் சீழ்க்கையும் கைதட்டலும். பெண்கள் நின்றார்கள். சிலர் திரும்பி அமர்ந்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அருமையான திருப்பம் என்று செம்பியன் அண்ணன் என் காதருகே சொன்னார்.

கூட்டம் முடிந்து மகிழுந்தில் ஏறும்போது ஒரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் குழந்தை. கழனி வேலை செய்யும் கை.

"எங்க வீட்ல டிவியே இல்லம்மா."

"என்ன?"

"சீரியலு கூப்புடுதான்னு கேட்டீங்கள்ல. மூணு மணிக்கு ஏத்தியாந்து எறக்குனாக. ஒன்னுக்கு முட்டுச்சு. ஏழு பேரும் தொணைக்குத் தொணையா கருவேலங்காட்டுக்குப் போனோம். அதுக்குத்தேன் மைக்குல மானத்த வாங்கிப்புட்டீக."

கதவை அவள் விடவில்லை.

"நீங்க எங்க போவீக?" என்று கேட்டாள். ஏளனம் இல்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நான் போவதில்லை."

"அதெப்படி. பொம்பளதானே நீங்களும்."

சவரிமுத்து வண்டியை எடுத்தார்.

மார்ச்சு 18, புதன்

எழுந்து போனவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?

எரிச்சல். உடல் எரிச்சலைச் சொல்கிறேன்.

மார்ச்சு 19, வியாழன்

செம்பியன் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். அடுத்த கூட்டங்களுக்குத் திடலில் பெண்களுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்று சொல்ல எண்ணினேன். இருபதாயிரம் பேர் முன்னிலையில் அமைச்சர்களைப் பெயர் சொல்லி வினவியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நா எழவில்லை. "என்ன தங்கச்சி?" என்றார். துண்டறிக்கையில் பிழை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச்சு 21, காரி

விராலிமலை. குளிர்கிறது. மார்ச்சு மாத வெயிலில் குளிர்கிறது. வலது விலாவுக்குக் கீழே முதுகில் குத்தல். நாற்காலி சரியில்லை. சவரிமுத்து தம் துண்டை நீட்டி, "போத்திக்கங்கம்மா, ஒடம்பு தூக்கிப் போடுது" என்றார். என் வேலையை நான் பார்த்துக்கொள்வேன், சாலையைப் பாருங்கள் என்றேன்.

பேசினேன். முடித்தேன். என்ன பேசினேன் என்று

மார்ச்சு 24, செவ்வாய். மாவட்டத் தலைமை மருத்துவமனை

கையில் ஊசி இருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது.

அன்று மேடையிலிருந்து இறங்கி, மகிழுந்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கையிலேயே மயங்கிச் சாய்ந்தேனாம். சவரிமுத்து வீட்டுக்கு விடாமல் நேரே இங்கே கொண்டுவந்திருக்கிறார். அன்று மட்டும் விரைந்து ஓட்டினார் என்று பொழிலன் சொன்னார்.

சிறுநீரகத்தில் தொற்று. நூற்று மூன்று காய்ச்சல். அடிவயிறு விட்டுவிட்டு இறுகிற்று. குருதிக்குழாய் வழியே மருந்து ஏற்றுகிறார்கள். குழந்தையின் துடிப்பு இருக்கிறது. இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன். இன்று பதினாறு வாரமும் ஒரு நாளும்.

மார்ச்சு 25, புதன்

மருத்துவர் நிலோபர் இளையவர். என்னைவிட எப்படியும் ஐந்தாண்டு குறைவு. காலையில் வந்தபோது அவர் கையில் அந்தப் பழைய சீட்டு இருந்தது. பொழிலன் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்.

"இதப் படிச்சிருக்கீங்களா?"

"அது தமிழில் இல்லை."

அவர் கட்டிலோரம் அமர்ந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார். அனுமதிக்கும்போது கடுங்காய்ச்சல். சிறுநீரில் கிருமி. சிறுநீரகத் தொற்று. அதன் பின் கருப்பை இறுக்கம், கருச்சிதைவு. அடுத்த கருவின்போது தொடக்கத்திலேயே சிறுநீர் ஆய்வு செய்யவும். நீர் மிகுதியாக அருந்தவும், அடக்க வேண்டா. கடைசி வரியை அடிக்கோடிட்டிருந்தார்கள்.

"இதுதான் காரணம்னு நூறு சதவீதம் சொல்ல முடியாது" என்றார். "ஆனா வேகத்தடை இல்ல. அது மட்டும் உறுதி."

இரண்டாண்டு. அடிக்கோடிட்ட அந்த வரி இரண்டாண்டு என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. ஒரு தாய்க்கு எழுதியதைத் தாய்மொழியில் எழுதாதவர்கள்மேல் எனக்குள்ள சினம் இன்னும் எள்ளளவும் குறையவில்லை. அவர்கள் குற்றவாளிகள். ஆனால் பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் கொடுத்திருந்தாலும் படித்துச் சொல்லியிருப்பாள். நான் கொடுக்கவில்லை. என் கொள்கைக்கு ஒரு சான்றாக அதை மடித்து வைத்திருந்தேன்.

மாலையில் பொழிலனிடம் கேட்டேன். "நீங்கள் படித்தீர்களா?"

"அன்னைக்கே."

"அறிந்திருந்தும் சொல்லவில்லை."

"மூணு தடவ சொல்ல வந்தேன். மொதத் தடவ, அந்தத் தாள வாசிச்சா வீட்ட விட்டுப் போயிருவேன்னு சொன்ன. ரெண்டாவது தடவ சவரிமுத்துண்ணனத் திட்டிக்கிட்டிருந்த. அப்புறம்..."

"அப்புறம்?"

"நீ அவரத் திட்டுறப்ப கொஞ்சம் அழுகாம இருந்த. அதனால விட்டுட்டேன். தண்ணியாச்சும் கொடுத்து விடுவோம்னு."

அவரை வெளியே போகச் சொன்னேன். போனார். போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டேன். எதிர்க்கட்டில் பெண், "ஊசி வலிக்குதாக்கா?" என்றாள். ஆம் என்றேன்.

மார்ச்சு 27, வெள்ளி

காய்ச்சல் இல்லை. இறுக்கமும் இல்லை.

பெண்கள் பகுதிக்குள் ஆண்களை விடுவதில்லை. சவரிமுத்து கதவுக்கு வெளியே இரண்டு இளநீரோடு நின்றார். மருந்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"சவரிமுத்து அவர்களே, இரண்டாண்டுகளாக உங்கள்மீது நான் சுமத்திய பழி அடிப்படையற்றது என்பதை இன்று..."

"இந்த மேடத் தமிழு வேணாம்மா" என்றார். "தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. போதும்."

"தப்பு என்னுது."

அவர் தலையாட்டினார். இளநீரைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் கைகளைத் துடைத்தார்.

"அந்தத் தடையில ஒருநா எறங்கி முழம் போட்டே பாத்தேன். இம்புட்டு ஒசரம். இதுக்கா ஒரு உசுரு போச்சுன்னு. எங்க வீட்ல அவகூடச் சொல்லுவா, நீ தூக்கத்துல பிரேக்கு மிதிக்குறன்னு."

பேரவைக்கும் எழுதித் தருவேன் என்று மட்டும் சொன்னேன்.

"எழுதுங்க. இப்ப எளனியக் குடிங்க, நா பாக்கணும்."

அவர் பார்க்கக் குடித்தேன்.

மார்ச்சு 30, திங்கள்

பதினேழு வாரம். இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். படியில் இறங்கும்போது கைப்பிடியை விடவில்லை.

சவரிமுத்துவைப் பற்றிப் பேரவைக்கு எழுதி அஞ்சலில் சேர்த்தேன். பொழிலன் அடுப்படியில் புட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறார். இருவரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. குடிக்கிறேன்.

ஏப்பிரல் 6, திங்கள்

பதினெட்டு. சென்றமுறை காணாத எண்.

ஏப்பிரல் 8, புதன்

செயசீலி ஆய்வு முடிவைக் காட்டினார்: கிருமி இல்லை. குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கும் காலமாம். "இனிமே வாயத் தொறக்குறப்ப யோசிச்சுத் தொறங்க" என்றார். பயணம் போகலாமா என்றேன். மருத்துவரிடம் கேட்டு வந்து, நீரும் கழிப்பறையும் இருக்கிற இடத்துக்குப் போகலாம், இல்லாத இடத்துக்கு வேண்டாம் என்றார். எத்துணை எளிய விதி. என் நாற்பது நாள் பயணத்தில் அவ்விரண்டும் இருந்த ஊர் ஒன்றுகூட இல்லை.

செம்பியன் அண்ணனை அழைத்தேன். இம்முறை சொன்னேன். கருவுற்றிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"அடடே, சொல்லவே இல்லையே தங்கச்சி. அப்ப மாநாட்டுக்கு நீங்க வேணாம், ரெஸ்ட் எடுங்க."

"வருவேன். திடலில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். மேடைக்குப் பின்னே ஒன்று, பெண்கள் பகுதியில் நான்கு. கதவு, நீர், விளக்கு."

"மேடைக்குப் பின்னாடியா? அங்கதான தலைவர் கட்டவுட்டு வருது. அதுக்குக் கீழ போயி..."

"தலைவர் மறுப்பாரா?"

"தலைவர்கிட்ட இத எப்படிம்மா பேசுறது?"

"நான் பேசட்டுமா?"

"வேணாம், வேணாம். செஞ்சுருவோம்."

ஏப்பிரல் 11, காரி

மாநாடு.

பிற்பகல் மூன்றரைக்குச் சென்றேன். அறுபதடி மேடை. தலைவரின் உருவம் நாற்பதடி. வண்ண விளக்கு, பூ வளைவு, ஆறு ஒலிபெருக்கிக் கோபுரம். திடலைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். கழிப்பறை இல்லை. மேடைக்குப் பின்னே ஒரு நீலப் படுதாவை இரண்டு கழியில் கட்டியிருந்தார்கள். உள்ளே பார்த்தேன்: சோடாப் பெட்டிகள்.

மகிழுந்துக்குத் திரும்பி, கதவைத் திறந்து வைத்து அமர்ந்தேன். ஒரு புட்டி நீரைக் குடித்தேன். ஐந்தேகாலுக்கு என் பெயரை அறிவித்தார்கள். மீண்டும் அறிவித்தார்கள். செம்பியன் அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன தங்கச்சி, உக்காந்துட்டீங்க?"

"கழிப்பறை எங்கே அண்ணே?"

"ஆளு வரல. ஒருநாள்தானே. ஆயிரம் பொம்பளைங்க ஒக்காந்திருக்காக, யாராச்சும் கேட்டாகளா?"

"கேட்டால் ஒலிவாங்கியில் திட்டுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். நானே திட்டியிருக்கிறேன்."

"தலைவர் வர்ற நேரம். இப்ப நீங்க ஏறலன்னா உங்க பேரு இனி எந்த நோட்டீசுலயும் வராது. அண்ணனாச் சொல்றேன்."

இத்தனை ஆண்டும் எந்தக் கனிவான மிரட்டலால் என்னைச் சிலையாக்கி வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று. என் வயிற்றில் ஓர் உயிர் பிழைத்துக் கிடக்கிறது. அதற்குத் தேவையானது ஒரு கதவும் ஒரு குவளை நீரும். அதைத் தர இயலாதவர்களுக்காக நான் யாருடைய பிள்ளையின் உரிமையைப் பேசப்போகிறேன்?

இறங்கினேன். மேடைக்குப் போகவில்லை. பெண்கள் பகுதிக்கு நடந்து, நடுவே நின்று, ஒலிவாங்கி இல்லாமல் கேட்டேன்: "ஒன்னுக்குப் போகணும்னு யாருக்கெல்லாம் இருக்கு?"

முந்தானையை வாயில் வைத்துச் சிலர் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு கிழவி, "மத்தியானத்துலேருந்து" என்றாள். பிறகு ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். கைகளை எண்ணவில்லை, எண்ணி முடியாது.

திடலுக்கு எதிர்ச் சாலையில் செம்பியன் அண்ணனின் வீடு. மூன்று மாடி. அழைத்துக்கொண்டு போனேன். சவரிமுத்து சாலையின் நடுவே மகிழுந்தைக் குறுக்கே நிறுத்தி இருபுறமும் வண்டிகளை நிறுத்தினார்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி. இத்தனை ஆண்டில் நான் அவரை ஒருமுறைகூடக் கண்டதில்லை. எனக்குப் பின்னே சாலையைக் கடந்து நிற்கும் வரிசையைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

சொன்னேன்.

அவர் தம் கணவரின் குரல் ஒலிபெருக்கியில் பெண்களை அமரச் சொல்லிக் கெஞ்சுவதைச் சற்றுக் கேட்டார். பிறகு கதவை இருபுறமும் விரியத் தள்ளினார். "கீழ ரெண்டு, மாடியில மூணு. செருப்பக் கழட்டிட்டு வாங்க. மோட்டாரப் போட்டு விடுறேன்."

வரிசை முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நானும் வரிசையில்தான் நின்றேன். எனக்கு முன்னே இருந்தவர்கள் விட்டுத்தர வந்தார்கள். வேண்டாம் என்றேன், பிறகு வேண்டும் என்று போனேன். எதிரே தலைவர் பாதி காலியான நாற்காலிகளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

ஏப்பிரல் 16, வியாழன்

பேரவைத் தலைமையிடமிருந்து பதிவஞ்சல். 'மாநாட்டு நாளன்று, அறிவிக்கப்பட்ட பின்னும் மேடையேறாமல், திடலிலிருந்த மகளிரைக் கலைத்து வெளியே அழைத்துச் சென்றது எதன் பொருட்டு என்பதை ஏழு நாளுக்குள் எழுத்து வழியே விளக்குக. விளக்கம் நிறைவு தராவிடில் அடிப்படை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கப்படுவீர்.' நல்ல தமிழ். பிழையில்லை.

காலையில் அமர்ந்து நான்கு பக்கம் எழுதினேன். தொடக்கமே இடிமுழக்கம். எதுகை தானாக வந்து விழுந்தது. பொழிலனைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "கைதட்டுவாங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஏளனம் இருந்ததா என்று பகல் முழுதும் ஆராய்ந்தேன். இல்லை. அதுதான் சினமூட்டிற்று. நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டு வேறொரு தாள் எடுத்து, இப்படி எழுதி, உறையிலிட்டு ஒட்டிவிட்டேன்:

'ஐயா, சிறுநீர் கழிக்க அழைத்துச் சென்றேன். முகிலரசி.'